பல்லை நம்பிக் கட்டிய ரொட்டிக்கடை

தன்மதியின் ரொட்டிக்கடை இருந்த இடத்தில் இப்போது பெட்ரோல் பங்க் இருக்கிறது. நான் அங்கே வண்டிக்குப் பெட்ரோல் போடுவதில்லை. டாங்கி வற்றி நடுரோட்டில் நின்றாலும் ராக்கிராக்கி டவுன் வரை தள்ளிக்கொண்டு போவேனே தவிர, அங்கே ஒரு சொட்டு வாங்க மாட்டேன். என் மனைவி இதை வீம்பு என்கிறாள். வீம்புதான். இதனால் பங்க்காரனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ராக்கிராக்கியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். சிறு கடைக்காரர்கள் எங்களிடம் வருவது பெரும்பாலும் குடி முழுகிய பிறகுதான். கூட்டாளி கல்லாவோடு ஓடிப்போன மறுநாள் கூட்டு ஒப்பந்தம் எழுத வருவான் ஒருவன். மச்சானுக்கு ஜாமீன் போட்டுவிட்டு, தன் லாரியை ஏலம் விட வந்ததும் 'நான் சும்மாதானே கையெழுத்துப் போட்டேன்' என்று வருவான் இன்னொருவன். இவர்களுக்காக நான் என்றைக்கும் தூக்கம் கெட்டதில்லை. தன்மதி இந்த ரகம் இல்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

அவளைப் போலச் சட்டத்துக்குப் பயந்து நடந்த வியாபாரி எங்கள் மாகாணத்தில் கிடையாது. நாவுனிவி கிராமத்து முனையில், பெரிய சாலையை ஒட்டி அவள் கடை. தகரக் கூரை, செங்கல் அடுப்பு, முன்னால் ஒரு பெஞ்சு. உள்ளே போனால் சுவரில் லட்சுமி படம், லட்சுமிக்கு இரண்டு பக்கமும் கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதங்கள். கடைப் பெயரைப் பதிவு செய்தது, கவுன்சில் லைசென்ஸ், சுகாதார இன்ஸ்பெக்டர் கொடுத்த சான்று, வரி எண். வேலைக்கு இருந்த இரண்டு பெண்களுக்கும் சேமநிதிப் பணத்தை மாதம் தவறாமல் கட்டினாள். லட்சுமிக்கு ஊதுபத்தி காட்டும்போது கையை அப்படியே நீட்டி லைசென்சுக்கும் ஒரு சுற்றுச் சுற்றுவாள். கேலி செய்தால், "சாமி கண்ண மூடினாலும் இன்ஸ்பெக்டர் மூட மாட்டாருண்ணே" என்பாள்.

அந்தச் சுவரில் ஒரே ஒரு காகிதம் இல்லை. மண்ணுக்கான காகிதம்.

அது எனக்குத் தெரிய வந்தது அவள் புருஷன் பிசுன் தேவ் இறந்து, கடையை அவள் பெயருக்கு மாற்ற எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோதுதான். வெள்ளைச் சேலையில் வந்து உட்கார்ந்தாள். மடியில் ஒரு மஞ்சள் பை, பையில் எல்லாக் காகிதமும் தேதிவாரியாக அடுக்கி. நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"எல்லாம் சரியா இருக்கு. நிலக் குத்தகைப் பத்திரம் எங்கம்மா?"

"அது பல்லு கொடுத்து வாங்கின நிலம்ணே."

நான் பேனாவை மூடி வைத்தேன். எங்கள் தீவில் மண் பெரும்பாலும் கிராமத்துக் குலங்களுடையது. அதை விற்க முடியாது. குலத்தார் சம்மதித்து, நில வாரியம் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால்தான் குத்தகை. வாரியம் இல்லாமல் யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது செல்லாது. ஆனாலும் சட்டம் வருவதற்கு முன்னாலிருந்தே இங்கே இன்னொரு வழக்கம் உண்டு. ஒரு திமிங்கிலப் பல்லைக் கொண்டு போய்த் தலைவர் முன் மண்டியிட்டு வைத்து, இன்னது வேண்டும் என்று கேட்பது. பல்லை அவர் கையில் வாங்கிவிட்டால் கேட்டதைத் தர ஒப்பினார் என்று அர்த்தம். பெண் கேட்பதும் அப்படித்தான், பிணத்தை அடக்கத்துக்குக் கேட்பதும் அப்படித்தான், பழி தீர்ந்தது என்பதும் அப்படித்தான்.

பிசுன் தேவ் அந்த வழியில் போனதற்குக் காரணம் இருந்தது. அவன் அப்பாவின் கரும்புத் தோட்டத்துக்கு முறையான குத்தகைப் பத்திரம் இருந்தது. வாரியத்து முத்திரை, சாட்சிக் கையெழுத்து எல்லாம் இருந்தது. காலம் முடிந்த அன்று அந்தப் பத்திரமே அவர்களை வெளியே தள்ளியது. வீட்டுக் கதவு ஜன்னலைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் அவன். காகிதத்துக்குச் சாவுத் தேதி உண்டு, பல்லுக்குக் கிடையாது என்று சொல்லிக்கொண்டே திரிந்தான். லௌட்டோகாவில் ஒரு அடகுக் கடையில் முழங்கை நீளத்துக்கு ஒரு பல்லை வாங்கினான். கொடுக்கப்போகும் அன்று காலையில் அதன் தேங்காய் நார்க் கயிறு அறுந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் தன்மதி சத்யநாராயண பூஜைக்கு வாங்கி வைத்திருந்த சிவப்பு நூலை எடுத்து, நார் பிரிந்த இடத்தில் இறுக்கிச் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள்.

தலைவர் ரது சமிசோனி அந்தப் பல்லை இரண்டு கையாலும் வாங்கி முகர்ந்தார். ரது என்பது தலைவர்களுக்கான பட்டம். சிவப்பு நூலைத் தடவிப் பார்த்து, "இந்தப் பல்லுக்குத் தாலி கட்டிட்டீங்களா?" என்று கேட்டாராம். கூட்டம் சிரித்தது. பிறகு வழக்கப்படி, மரியாதைக்கும் சம்மதத்துக்கும் அடையாளமாகக் கையைக் குவித்துத் தட்டினார்கள். அடுப்புப் போட இடம் கிடைத்தது.

நான் தன்மதியிடம் சொன்னேன். "பெரியவர் உசுரோட இருக்கும்போதே வாரியத்துக்கு விண்ணப்பம் போட்டுடலாம். அவர் கையெழுத்துப் போட்டா குலத்துல மத்தவங்களும் போடுவாங்க. அப்புறம் வாரியம் எழுதிக் கொடுத்துடும். ரொம்ப நாள் குத்தகையா வாங்கிக்கலாம்."

"வாங்கின கைகிட்ட ரசீது கேக்கச் சொல்றீங்களா?"

"ரசீதுன்னே வச்சுக்கயேன்."

"உங்க மதராசி சனமே இப்படித்தான்ணே. கல்யாணத்துக்கு மொய் வச்சாக்கூட எழுதி வப்பீங்க." தெற்கிலிருந்து வந்தவர்களின் வம்சம் நாங்கள்; இங்கே எங்களுக்கு அதுதான் பெயர்.

அவளை விடவில்லை நான். இரண்டு மூன்று வருஷம் நச்சரித்தேன். ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம் கேட்பேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை, சரி வாங்க என்றாள். தலைவர்களைப் பார்க்கப் போகையில் கொண்டுபோகும் யங்கோனா வேரை ஒரு கட்டுக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டோம். அவள் சூடாக ஆறு ரொட்டி எடுத்துக்கொண்டாள். நான் விண்ணப்பத்தை நிரப்பிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

ரது சமிசோனி பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சர்க்கரை வியாதியில் ஒரு கால் பாதத்தோடு போயிருந்தது. வேரை இடித்துத் தண்ணீரில் கலக்கினார்கள், நாங்கள் குடித்தோம், கையைத் தட்டினோம். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார்.

"மதராசி சும்மா வர மாட்டானே. பையில என்ன?"

நான் விஷயத்தைச் சொன்னேன். வளைக்காமல் சொன்னேன். ஐயா, உங்கள் வாக்கு மலை மாதிரி, ஆனால் நமக்குப் பிறகு என்று ஒன்று இருக்கிறதே என்றேன். அவர் கோபப்படவில்லை. கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். கண்ணாடி தேடினார். பேத்தி ஒருத்தி கொண்டு வந்து கொடுத்தாள். என் பேனாவையும் வாங்கிக்கொண்டார். பேனாவைப் பிடித்தபடியே தன்மதியின் பக்கம் திரும்பினார்.

"தன்மதி, உனக்கு இது வேணுமா?"

அவ்வளவுதான் கேட்டார். அதில் குத்தல் இல்லை, வருத்தமும் இல்லை. சாப்பிடுகிறாயா என்று கேட்பது போலத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கூடத்தில் அவருடைய தம்பிமார்கள் இருந்தார்கள், மருமக்கள் இருந்தார்கள், எல்லோர் கண்ணும் அவள் மேல் இருந்தது. அவள் தலை குனிந்து சேலைத் தலைப்பை முறுக்கினாள்.

"எனக்கெதுக்கு ரது. நீங்க இருக்கும்போது எனக்குக் காகிதம் எதுக்கு? இந்தக் கிளார்க்கண்ணன்தான் கேட்டுப் பாக்கலாம்னு..."

கூடமே சிரித்தது. ரதுவும் சிரித்தார். "மதராசிக்குக் காகிதத்தப் போத்திக்கிட்டாத்தான் தூக்கம் வரும்" என்று சொல்லி, பேனாவையும் விண்ணப்பத்தையும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எனக்கு இன்னொரு சிரட்டை ஊற்றச் சொன்னார். குடித்தேன். சேற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது.

திரும்பும் வழியில் அவளைத் திட்டினேன். அவளும் விடவில்லை.

"அவர் கை நடுங்குச்சுண்ணே. பாத்தீங்களா?"

"சர்க்கரை வியாதிக்காரருக்கு நடுங்கும்."

"அந்த மனுசன் எங்கள நிக்க வச்ச மனுசன். அத்தன பேரு முன்னால, ஆமா, உன் வார்த்த போதாது, எழுதிக் குடுன்னு என் வாயால எப்படிண்ணே சொல்றது?"

மரியாதை என்பது இவ்வளவு விலை கேட்கும் என்று யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ரது இறந்தபோது கிராமம் நூறு இரவு துக்கம் காத்தது. துக்கம் முடியும் வரை ரொட்டி தன்மதி வீட்டிலிருந்துதான் போனது. காசு வாங்கவில்லை. கறுப்புப் பாவாடை கட்டிக்கொண்டு கிராமத்துப் பெண்களோடு பாயில் உட்கார்ந்து அழுதாள். புருஷனுக்கு அழுததைவிட அதிகம் அழுதாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்துத் தலைவரானது ரதுவின் மூத்த மகன் நெமானி. சின்னப் பிள்ளையில் அவள் கடை பெஞ்சில் உட்கார்ந்து, சூடான ரொட்டிக்குள் வெண்ணெய் உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன். தலைநகர் சூவாவில் ஏதோ அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருந்தான். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. நல்லபடியாகத் திட்டித் தீர்த்திருப்பேன்.

பா நகரத்து எண்ணெய் வியாபாரி ஒருவன் வந்தான். சாலை முனை, இரண்டு பக்கமும் வண்டி நிற்க இடம், பங்க்குக்கு இதைவிட வாகான இடம் கிடைக்காது. அவன் பல்லோடு வரவில்லை, சர்வேயரோடு வந்தான். குலத்துக் கூட்டம் கூடியது. தேவாலயக் கூரை ஒழுகியது, பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு இருந்தது. பாதிக்கு மேல் ஆட்கள் கையெழுத்துப் போட்டார்கள். வாரியம் பதிவேட்டைப் பார்த்தது. அந்த மண்ணில் யாருக்கும் குத்தகை இல்லை என்றிருந்தது. முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டது. யாரும் எந்த விதியையும் மீறவில்லை.

நெமானி தானே வந்து சொன்னான். அன்று நான் ரொட்டிக்காகக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அவன் பெஞ்சில் உட்காராமல், செருப்பைக் கழற்றி வாசலிலேயே வைத்துவிட்டு, உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரியவில்லை.

"ஏன் ராசா தரையில உக்காந்துட்ட? மாவு ஒட்டும், எந்திரி."

"அத்தை, கடைய எடுக்கணும். பங்க்காரர் வர்ற மாசம் வேலைய ஆரம்பிக்கிறாரு."

"எந்தக் கடைய?"

அவள் கையிலிருந்த மாவை மேசை விளிம்பில் மெதுவாகத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள்.

"உங்கப்பா பல்லு வாங்கினாரு."

"வாங்கினாரு அத்தை. வீட்டுல மரப்பெட்டியில பத்திரமா இருக்கு. யாரும் இல்லைன்னு சொல்லல."

"அப்புறம் என்னடா?"

"அப்பா உங்களுக்குத்தான் கொடுத்தாரு, நாங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா காகிதத்துல நீங்க அங்க இல்லவே இல்ல. நான் கூட்டத்துல சொன்னேன். சித்தப்பா சொல்றாரு, அவ வேணாம்னு சொன்னாளே, எங்க எல்லார் முன்னாலயும் சொன்னாளே, அண்ணன் பேனாவ எடுத்தாரே, அவதான வேணாம்னாளேன்னு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வக்கீல் கிரிதர் லாலிடம் அழைத்துப் போனேன். அவர் மனம் இளகாத ஆள் என்று பெயரெடுத்தவர். அன்று தன்மதிக்குத் தாமே டீ வரவழைத்தார். அதைப் பார்த்தபோதே வழக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, இந்த ஒப்பந்தம் முறிஞ்சு போச்சுன்னா நான் சண்ட போடலாம். இது முறியல. சட்டத்தப் பொறுத்தவர இது பொறக்கவே இல்ல. பொறக்காத பிள்ளைக்கு நான் என்ன பங்கு கேக்கறது?"

"கட்டடம் எங்களுது சார். அடுப்பு எங்களுது. செங்கல் ஒவ்வொண்ணும் என் வீட்டுக்காரர் சொமந்தது."

"மண்ணோட சேத்துக் கட்டினது மண்ணோட போகும்மா. கழட்டி எடுக்க முடிஞ்சத எடுத்துக்கலாம்."

அவள் மஞ்சள் பையைத் திறந்து கண்ணாடிச் சட்டங்களை மேசை மேல் வைத்தாள். கடையில் மாட்டியிருந்ததைக் கழற்றி எடுத்து வந்திருக்கிறாள். லைசென்ஸ், சுகாதாரச் சான்று, பெயர்ப் பதிவு. லட்சுமி படத்தை மட்டும் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நான் ஒண்ணுலகூடத் தப்பு பண்ணலயே சார். வருசா வருசம் புதுப்பிச்சேனே. அப்பெல்லாம் யாரும் இந்த மண்ணு யாருதுன்னு என்னக் கேக்கலயே."

"அதெல்லாம் ரொட்டிக்கும்மா. மண்ணுக்கு இல்ல."

அவள் சட்டங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். டீயைக் குடித்து முடித்தாள். கொடுத்ததை மிச்சம் வைப்பது மரியாதை இல்லை என்று நினைப்பவள். அந்த மரியாதையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

செங்கல் அடுப்பைக் கழற்ற முடியாது. கழற்றினால் அது வெறும் செங்கல். மாவு பிசையும் தொட்டியையும் தகரத் தட்டுகளையும் விற்றாள். வேறு இடம் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு, "இந்த வயசுல இன்னொரு அடுப்புக்கு மூச்சு இல்லண்ணே" என்று முடித்துவிட்டாள். பிரிஸ்பேனில் மகள் இருந்தாள். வந்துவிடு என்றாள்.

அவள் புறப்படுவதற்கு முந்தின வாரம் கிராமமே திரண்டு வந்தது. பாய்கள், சேனைக் கிழங்குக் கட்டுகள், துணி, மண்ணெண்ணெய் டின், எல்லாம் தலையில் சுமந்து வரிசையாக வந்தார்கள். மரியாதையாக வழியனுப்பவும் மன்னிப்புக் கேட்கவும். பெண்கள் வாய் விட்டு அழுதார்கள். அது நடிப்பில்லை, கண்ணீர் மார்பை நனைத்தது. எனக்கோ அழுகிறவர்கள் மேல்தான் கோபம் வந்தது. கையெழுத்துப் போட்ட கையாலேயே கண்ணைத் துடைக்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நெமானி அவள் முன்னால் மண்டியிட்டு, துணியில் சுற்றியதைப் பிரித்து இரண்டு கையாலும் நீட்டினான். திமிங்கிலப் பல். பழுப்பேறிய நார்க் கயிற்றில் ஒரு இடத்தில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது, ஆனால் முடிச்சு அவிழவில்லை.

"எங்ககிட்ட இருக்கிறதுலயே பெரிசு இதுதான் அத்தை" என்றான். அவனைப் பொறுத்தவரை அது மரியாதையின் உச்சம். கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை என்று நினைக்கிறேன். தோன்றியிருந்தால் வேறு பல் தேடியிருப்பான்.

அவள் வாங்கிக்கொண்டாள். வாங்கிவிட்டால் மன்னித்ததாக அர்த்தம். எல்லோரும் கையைக் குவித்துத் தட்டினார்கள்.

நாந்தி விமான நிலையத்துக்கு நான்தான் அவளைக் கூட்டிப் போனேன். நல்ல வெயில். பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள், சற்று நேரத்தில் துணி மூட்டையோடு தடுப்புக்கு வெளியே வந்தாள். கூடவே சீருடையில் ஒரு பெண் அதிகாரி, கிராமத்துக் குலங்களைச் சேர்ந்தவள். பல்லை முதலில் பார்த்தபோது அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, மெல்லக் கையைத் தட்டிவிட்டுத்தான் தொட்டாளாம். பிறகு கேட்டாளாம், இதை நாட்டுக்கு வெளியே கொண்டு போக அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று.

"இல்லன்னு சொன்னேன்" என்றாள் தன்மதி. "கொடுத்தவங்க வார்த்த இருக்குன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு பாவம், என்ன சொல்றதுன்னு தெரியாம நிக்குது."

மூட்டையை என் கையில் வைத்தாள். கனமாக இருந்தது. நான் அனுமதிக்கு எழுதிப் போட்டு வாங்கி அனுப்புகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள், சரி என்றா வேண்டாம் என்றா தெரியவில்லை. இரண்டடி உள்ளே போனவள் நின்றாள்.

"கிளார்க்கண்ணே, அன்னைக்கு ரது நெசமாவே கையெழுத்துப் போட்டிருப்பாரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் கொஞ்சம் நிம்மதியாக விமானம் ஏறியிருப்பாள். எனக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"போட்டிருப்பாரும்மா" என்றேன். "பேனா அவர் கையிலதான இருந்துச்சு."